பெரிய கோயில் விமானத்தை அதன் உயரம் குறையாமல் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர் பெரிய கோயிலில் கொஞ்ச நேரம் நின்று, வருபவர்கள் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, எப்படிப் படமெடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். முக்கால்வாசிப் பேர் நேராக அடிவாரத்துக்குப் போய், ஃபோனை அண்ணாந்து பிடித்து, கலசம் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு தட்டு தட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடிப்பக்கம் பெருத்து, உச்சி சிறுத்து, பின்னால் சாய்ந்தது போல ஒரு கூம்புதான் இருக்கும். 216 அடி எங்கே போனது என்றே தெரியாது. விலை உயர்ந்த கேமராவில் எடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் இதில் கருவிக்குப் பங்கு குறைவு. நிற்கும் இடம்தான் காரணம்.

விமானம் ஏற்கெனவே மேலே போகப் போகக் குறுகும் கட்டடம். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் எந்தக் கட்டடமும் படத்தில் மேலே குறுகித்தான் தெரியும். இந்த இரண்டு குறுகலும் சேரும்போது ராஜராஜனின் சிற்பிகள் கணக்குப் பார்த்து வைத்த அளவு கெட்டுப்போகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க இரண்டே விஷயங்களைச் சுற்றித்தான் வரும்: முடிந்தவரை எட்ட நிற்பது, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தைப் பிடிப்பது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கேமராவை எடுக்கும் முன் இடத்தின் கணக்கு

கோயில் 1010-ல் முடிந்தது. ராஜராஜன் தன் 25-வது ஆட்சி ஆண்டின் 275-வது நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. விமானம் 13 நிலை, உயரம் சுமார் 66 மீட்டர், அடிப்பக்கம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 30 மீட்டர். கீழே இரண்டு அடுக்குக்குச் சுவர் நேராக நிற்கும், அதற்கு மேல்தான் குறுக ஆரம்பிக்கும். இந்த நேர்ச்சுவர் படத்தில் நேராகத் தெரிகிறதா என்பதுதான் உங்களுக்கு அளவுகோல். அது சாய்ந்து தெரிந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உள்முற்றம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், தெற்கு வடக்காகச் சுமார் 120 மீட்டர். அதாவது இரண்டு சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. விமானம் மேற்குச் சதுரத்தின் நடுவில் நிற்கிறது. கோயில் கிழக்கு பார்த்தது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் பின்வாங்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். தெற்குச் சுற்று, வடக்குச் சுற்று, மேற்குச் சுற்று எதில் நின்றாலும் விமானத்தின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட 60 மீட்டர் தூரம். மேற்குப் பக்க மூலைகளில் நின்றால் சுமார் 85 மீட்டர். கிழக்கே ராஜராஜன் திருவாயில், அதாவது முற்றத்துக்குள் நுழையும் உள்வாசல், பக்கம் போனால் 170 மீட்டருக்கு மேல்.

இனி லென்ஸ். கேமராவைத் துளியும் சாய்க்காமல், படம் நெட்டுவாக்கில் வரும்படி பிடித்து, கலசம் வரை உள்ளே வர எவ்வளவு தூரம் வேண்டும்? ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ளது) ஒரு எளிய கணக்கு உண்டு: உயரத்தை லென்ஸில் எழுதியிருக்கும் எம்எம் எண்ணால் பெருக்கி 18-ஆல் வகுத்தால் தூரம் மீட்டரில் வந்துவிடும். உங்கள் கண் மட்டத்தைக் கழித்தால் மேலே 64 மீட்டர் மிச்சம். 24 எம்எம் லென்ஸுக்கு 85 மீட்டர், 16 எம்எம்முக்கு 57 மீட்டர், 50 எம்எம்முக்கு 178 மீட்டர். முற்றத்தின் அளவோடு இதை வைத்துப் பாருங்கள். மூலைக்கு 24, பக்கச் சுற்றுக்கு 16, கிழக்கு வாயிலுக்கு 50. யாரோ நம் லென்ஸ்களுக்காகவே அளந்து கட்டியது போல உட்கார்ந்துகொள்கிறது!

ஃபோனின் முதன்மை கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 எம்எம் அளவில் இருக்கும், அதனால் மூலையில் நின்றால் கிட்டத்தட்ட சரியாக வரும். 0.5 என்று இருக்கும் அகலமான கேமராவில் பக்கச் சுற்றில் நின்றே முழுசும் வந்துவிடும், ஆனால் அது ஃப்ரேம் ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும், கலசம் நீண்டு போகும். முடிந்தால் 1-லேயே எடுங்கள், நடந்து பின்வாங்குங்கள்.

கேமராவைச் சாய்க்காமல் எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தத் தரையில் ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு வெட்டிவிடலாம்.

எங்கே நிற்பது

என்னைக் கேட்டால் முதல் இடம் தென்கிழக்கு. முற்றத்தின் வடகிழக்குப் பக்கம் அம்மன் சந்நிதி வந்துவிடுகிறது, நடுவில் நந்தி மண்டபமும் கொடிமரமும் இருக்கின்றன, தெற்குப் பக்கம்தான் மறைப்புக் குறைவு. தெற்குச் சுற்று மாளிகையை ஒட்டியபடி கிழக்கிலிருந்து மேற்காக மெதுவாக நடந்து வாருங்கள். ஒவ்வொரு பத்தடிக்கும் விமானமும் முன்மண்டபமும் ஒன்றுக்கொன்று விலகி விலகி மாறுவதைப் பார்க்கலாம். இரண்டு முகங்கள் ஒரே படத்தில், ஒன்று வெளிச்சத்திலும் ஒன்று நிழலிலுமாக வரும் இடம் கிடைத்ததும் நில்லுங்கள். கல்லின் கனம் அந்த மாதிரிப் படத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, ராஜராஜன் திருவாயில். வாசலுக்குள் நின்று இருட்டான நிலைவாசலையே ஃப்ரேமாக வைத்து எடுப்பது எல்லோரும் செய்வது, நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே நின்று 80 எம்எம் சுமாருக்கு ஜூம் செய்து பாருங்கள். நந்தி மண்டபம், முன்மண்டபம், விமானம் மூன்றும் நெருங்கி வந்து ஒன்றின்மேல் ஒன்றாக எழும்பும். கேமராவைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும், ஆனால் இவ்வளவு தூரத்தில் அந்தச் சாய்வு உறுத்தாது. ஃபோனில் 3 என்ற ஜூம் இருந்தால் அதுவே போதும்.

வடமேற்கு மூலையில் நாயக்கர் காலத்துச் சுப்பிரமணியர் சந்நிதி இருக்கிறது. நுணுக்கமான வேலை, அதை முன்னால் வைத்து விமானத்தைப் பின்னால் எழுப்பினால் 600 வருட இடைவெளி உள்ள இரண்டு கைகள் ஒரே படத்தில் நிற்கும். பின்பக்கம், அதாவது மேற்கே, கூட்டம் எப்போதும் குறைவு. நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

சுற்று மாளிகைத் தூண்களையும் விட்டுவிடாதீர்கள். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் எடுப்பித்த மாளிகை அது. இரண்டு தூண்களுக்கு நடுவே விமானத்தின் ஒரு துண்டை மட்டும் வைத்து எடுங்கள். முழுசும் வர வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாப் படத்துக்கும் தேவையில்லை.

வெளிச்சம்: மாதமும் மணியும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலன் இங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. இதனால் வருடத்தின் பெரும்பகுதி மத்தியானச் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கும். சித்திரை ஆரம்பத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை வடக்கே நகர்ந்துவிடும். இதற்கு அர்த்தம் என்ன? விமானத்தின் தெற்கு முகத்துக்கு மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்க வெயில். வடக்கு முகத்துக்கு அந்த மாதங்களில் நேர் வெயிலே கிடையாது. வடக்கு முகத்தைப் படமெடுக்க வேண்டும் என்றால் வைகாசி, ஆனி, ஆடிதான். இது தெரியாமல் மார்கழி லீவில் வந்து வடக்குப் பக்கச் சிற்பம் இருட்டாக வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய.

மார்கழி, தை: காலை ஏழிலிருந்து எட்டரை வரை கிழக்கு முகமும் தெற்கு முகமும் சேர்ந்து ஒளிரும். தென்கிழக்கிலிருந்து எடுத்தால் நிறம் அழகாக வரும், ஆனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வருவதால் ஆழம் குறையும். அதே இடத்தில் மாலை மூன்றரை, நாலுக்கு வந்து நில்லுங்கள். தெற்கு முகம் வெயிலில், கிழக்கு முகம் நிழலில். விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். இந்த வருடம் ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனி, ஆடி: மாலை ஐந்துக்கு மேல் சூரியன் மேற்கு வடமேற்கில் இறங்கும். வடமேற்கு மூலைக்குப் போய்விடுங்கள். மேற்கு முகமும் வடக்கு முகமும் பொன்னாகும், சுப்பிரமணியர் சந்நிதியும் கூடவே. மேகம் திரளும் மாதங்கள் என்பதால் வானமும் வெறுமையாக இருக்காது.

பங்குனி நடுவிலும் ஆவணி கடைசியிலும் ஒரு வாய்ப்பு உண்டு. கிழக்கு வாயிலில் நின்றால், ஐந்து மணிக்குச் சற்று முன்னால் சூரியன் கிட்டத்தட்ட கலசத்துக்கு நேர் பின்னால் இறங்கி வரும். ஒரு அடி இப்படி அப்படி நகர்ந்தாலே கலசம் சூரியனை மறைக்கும், விலக்கும். விமானம் கறுப்பாக, விளிம்பு மட்டும் எரியும். கேமராவின் கண்ணாடித் துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், திரையைப் பார்த்து எடுங்கள்.

நிலா வேண்டுமா? பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் விடியற்காலை அதே கிழக்கு வாயில். நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், வானம் வெளுக்கும், கல்லில் முதல் வெளிச்சம் படும், மூன்றும் சேர்ந்து சில நிமிடங்களுக்குக் கிடைக்கும். பங்குனியிலும் புரட்டாசியிலும் நிலா ஏறத்தாழ நேர் மேற்கில் இறங்குவதால் விமானத்தோடு ஒரே ஃப்ரேமில் வர வாய்ப்பு அதிகம்.

உச்சி வெயில் படத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரிய கோயிலில் இதற்கு விலக்கு உண்டு. மாசிக் கடைசி, பங்குனி, பிறகு ஆவணிக் கடைசி, புரட்டாசி ஆகிய மாதங்களில் பன்னிரண்டேகால் சுமாருக்குச் சூரியன் தலைக்கு மேலே, ஆனால் கொஞ்சமே கொஞ்சம் தெற்கே சரிந்து இருக்கும். அப்போது வெளிச்சம் தெற்குச் சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்குகிறது. ஒவ்வொரு கபோதமும் (வெளியே நீட்டிய கல் விளிம்பு) அடியில் ஒரு நீள நிழலை விடும், ஒவ்வொரு கோஷ்டச் சிற்பமும் (சுவர் மாடத்துச் சிற்பம்) குழியிலிருந்து வெளியே வந்து நிற்கும். அரை மணி நேரம்தான். அதே சுவர் மார்கழி மத்தியானத்தில் இவ்வளவு பேசாது.

நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். விழும். நடுப்பகலில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மாதங்களில், மேலே குறுகிய கட்டடம் என்பதால் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது, பேச்சு அதிலிருந்து வந்திருக்கலாம். காலையில் மேற்கு முற்றத்திலும் மாலையில் நந்தி இருக்கும் பக்கத்திலும் நீளமாக விழுவதை நீங்களே பார்க்கலாம். அதையே படமாக்குங்கள். நாலு மணிக்கு மேல் புல்தரையில் விமானத்தின் நிழல், அதன் விளிம்பில் உட்கார்ந்து பேசும் குடும்பங்கள், ஓடும் பிள்ளைகள். சாய்க்காமல் எடுத்தால் கீழ்ப்பாதி தரையாக வரும் என்றேனே, அந்தக் கீழ்ப்பாதிக்கு வேலை வந்துவிட்டது.

அமைப்புகள்

இதை நீட்ட வேண்டியதில்லை. பகலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, ஷட்டர் தானாக. வெயில் பட்ட கல்லின் மேல் வெளிச்ச அளவு வைத்து, எக்ஸ்போஷரை அரை முதல் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறையுங்கள். நிழலைப் பிறகு மீட்கலாம், வெளுத்துப்போன கல்லை மீட்க முடியாது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பில் எடுங்கள். சிற்பங்களை டெலி லென்ஸில் (தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) எடுக்கும்போது ஷட்டர் 1/500-க்குக் கீழே போக வேண்டாம்.

ஃபோனில்: கட்டக்கோடுகளை இயக்கிவிடுங்கள், விமானத்தின் நேர்ச்சுவர் அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கட்டும். வெயில் பட்ட கல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். திருநீறும் வியர்வையும் பட்ட ஃபோனில் எல்லாப் படமும் புகைமூட்டமாகத்தான் வரும்.

கல்வெட்டும் சிற்பமும்

முழு விமானம் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். தான் கொடுத்ததையும், தன் அக்கன் (அக்கா) கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்னவன் ராஜராஜன். அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக ஓடுகிறது அந்தத் தமிழ். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் சொரசொரப்பான கல். வெளிச்சம் பக்கவாட்டில் உரசும்போது ஒவ்வொரு எழுத்தின் ஒரு கரையில் நிழலும் மறுகரையில் ஒரு மெல்லிய ஒளிக்கோடும் விழும். ககரத்தின் குறுக்குக்கோடு, ணகரத்தின் சுழி, உளி திரும்பிய இடம், எல்லாம் விரலால் தடவிப் பார்த்தது போலத் தெரியும். தெற்கு அடித்தளத்துக்கு இது பங்குனி, புரட்டாசிக் காலை ஏழு மணி சுமாருக்கு நன்றாக அமைகிறது. கல்லுக்கு இணையாகக் கேமராவைப் பிடியுங்கள், ஓரங்கள் மங்காமல் இருக்க எஃப் 8 அல்லது 11 வையுங்கள். எழுத்தைத் தொடவோ, தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தடவவோ கூடாது. வெளிச்சமே போதும்.

டெலி லென்ஸ் இருந்தால் மேலே பாருங்கள். உச்சியில் எண்பட்டைச் சிகரத்துக்குக் கீழே மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள். தரையிலிருந்து பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும், 300 எம்எம்மில் ஒன்றைப் பிடித்தால்தான் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று புரியும். வடக்கு முகத்தில் தொப்பி வைத்த ஒரு மனிதர் உருவம் இருக்கிறது, வழிகாட்டிகள் எல்லோரும் கை நீட்டிக் காட்டுவார்கள், ஆனி, ஆடியில் தேடுங்கள். மாடங்களில் கிளிகளும் புறாக்களும் வந்து போகும். ஒரு பச்சைக்கிளி பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சிற்பத்தின் அளவு சொல்லாமலே விளங்கும்.

ஆட்களும் விசேஷ நாட்களும்

ஆளே இல்லாத கோயில் படம் எடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் விடியற்காலையில் வருகிறார்கள். வரட்டும், காலை ஆறு மணி முற்றம் ஒரு தனி அனுபவம். ஆனால் ஆள் இல்லாத படத்தில் உயரம் தெரியாது. ஒரு சிவப்புப் புடவை, பிரகாரம் சுற்றும் ஒரு தாத்தா, படியில் உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகள், யாராவது ஒருவர் விமானத்தின் அடியில் இருந்தால்தான் கண் அளவைக் கணக்குப் போடும். அந்த ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, விமானத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். குடும்பத்தோடு வந்தவர்கள் தங்கள் ஆளைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி எடுப்பதில் முகம் வரும், கோயில் சுருங்கிவிடும். முகம் தெரியும் அளவுக்கு ஒருவரை எடுப்பதாக இருந்தால், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். விழுந்து கும்பிடுபவரைக் கேட்காமல் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரதோஷ மாலையில் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். விமானத்துக்கு முன்னால் தலைகளின் கடல் வேண்டும் என்றால் அன்றைக்கு வாருங்கள், அமைதியான படம் வேண்டும் என்றால் அன்றைக்கு வராதீர்கள். மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி, பழங்களால் அலங்காரம். ஐப்பசிச் சதயத்தில் ராஜராஜனுக்குச் சதய விழா, ஊரே விளக்குப் போட்டிருக்கும். மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும்.

மழை, ஆறு, இரவு

ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நனைந்த கல்லின் நிறம் ஆழமாகும். மழை விட்டதும் கல்தளத்தில் அங்கங்கே தண்ணீர் நிற்கும். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே கொண்டுபோனால், ஒரு தட்டு அகலக் குட்டையிலேயே விமானம் முழுக்க விழும். காற்று நிற்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து எடுக்க நினைப்பவர்களுக்குப் புது ஆறு. கல்லணைக் கால்வாயை ஊரில் அப்படித்தான் சொல்வோம், கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஜூன் 12 என்பது மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிந்ததும் கால்வாய் நிறையும், சாதாரண வருடங்களில் தை மாதம் வரை ஓடும். வறண்ட மாதங்களில் வந்தால் வெறும் கரைதான். கரையோரமும் பாலங்களிலும் நடந்து, மரங்களின் இடைவெளியில் விமானம் தலை தூக்கும் இடத்தைத் தேடுங்கள். இந்த டெல்டா மண்ணில் தோண்டினால் வண்டல்தான் வரும், கல் கிடையாது, அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. தண்ணீரும் பச்சையும் முன்னால் இருந்து அந்தக் கல்மலை பின்னால் எழும்பும் படம் இந்த ஊரின் அதிசயத்தைச் சொல்லிவிடும்.

இரவில் விமானத்துக்கு விளக்குப் போடுவார்கள். முழு இருட்டில் எடுக்காதீர்கள், வானம் செத்துப்போகும். சூரியன் மறைந்து பதினைந்து, இருபது நிமிடத்தில் வானத்தின் நீலமும் விளக்கின் வெளிச்சமும் சமமாக வரும். நம் பக்கம் இருட்டு சீக்கிரம் விழும், பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதனால் முன்கூட்டியே இடம் பிடித்து நில்லுங்கள். வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) 3500 கெல்வின் சுமாருக்கு வைத்தால் கல் மஞ்சள் குளிக்காது. ட்ரைபாட் இல்லாமல்தான் எடுக்க வேண்டியிருக்கும்: தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்ட நிலையில் தொடர்ந்து ஐந்தாறு படங்கள். அல்லது பையைத் தரையில் வைத்து அதன் மேல் ஃபோனைச் சாய்த்து 2 விநாடி டைமர். நைட் மோடு இதற்கு நன்றாகவே கைகொடுக்கும்.

விதிகள், கால்கள்

கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. முற்றத்தில் கையில் பிடித்துப் படமெடுக்கத் தடை இல்லை. ட்ரைபாட், வணிகப் படப்பிடிப்பு, திருமண ஷூட் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே துறையின் அனுமதி வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். ட்ரோன் நினைப்பே வேண்டாம், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதோடு ஊரிலேயே விமானப்படைத் தளமும் இருக்கிறது.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சித்திரை, வைகாசியில் பத்தரைக்கு மேல் கல்தளத்தில் கால் வைக்க முடியாது, விரித்திருக்கும் விரிப்பில்தான் நடக்க முடியும், அந்த விரிப்பு நீங்கள் நிற்க விரும்பும் இடத்துக்குப் போகாது. புல்தரை ஓரத்தையும் சுற்று மாளிகை நிழலையும் வைத்து உங்கள் இடங்களைத் திட்டமிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள்.

கணினியில்

முதல் வேலை செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துவது. ஸ்னாப்சீட் மாதிரி இலவசச் செயலியிலும் பெர்ஸ்பெக்டிவ் கருவி உண்டு. கொஞ்சம் சாய்ந்த படத்துக்கு அது மருந்து. அடிவாரத்திலிருந்து அண்ணாந்து எடுத்ததை அதில் நிமிர்த்தப் பார்த்தால் உச்சி ஊதிப்போகும், விமானம் வேறு ஏதோ கட்டடமாகிவிடும். நேர்ச்சுவர் நேரானதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறத்தில் கை வைக்கும்போது நிதானம். இந்தக் கல்லில் லேசான செம்மையும் சாம்பலும் கலந்திருக்கும், மாலையில் தேன் நிறம் வரும். சாச்சுரேஷனை இழுத்து ஆரஞ்சு ஆக்கியவுடன் கல் போய் பிளாஸ்டிக் வந்துவிடுகிறது. வானத்தை மாற்றும் கருவிகளை நான் இந்தக் கோயிலுக்குப் பயன்படுத்துவதில்லை, நீங்களும் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்வேன். இல்லாத வெளிச்சத்தில் நிற்கும் விமானம் பார்த்த உடனே தெரிந்துவிடும், நிழல் ஒரு பக்கம், மேகத்தின் ஒளி ஒரு பக்கம்.

இதே முறையில் இன்னும் இரண்டு

பெரிய கோயிலில் பழகிய கண்ணோடு கங்கைகொண்ட சோழபுரம் போங்கள். ராஜேந்திரன் கட்டிய அந்த விமானம் தந்தையுடையதை விடக் குட்டை, ஆனால் பக்கங்கள் நேர்கோடாகப் போகாமல் உள்வாங்கி வளையும். சுற்றிலும் புல்வெளி, பின்வாங்க இடம் தாராளம். அந்த வளைவு விளிம்பில்தான் தெரியும் என்பதால் மாலையில் வானத்துக்கு எதிராக எடுப்பது நல்லது.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வேறு வகை. மொட்டைக் கோபுரமாக நூற்றாண்டுகள் நின்று 1987-ல் 13 நிலையாக, 236 அடியில் முடிந்தது. தெற்கு பார்த்தது, அதனால் மார்கழி, தையில் நாள் முழுக்க முகத்தில் வெயில். வண்ணச் சுதை வேலை என்பதால் மாலைப் பொன் வெயிலில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், காலை ஒன்பது மணி வெளிச்சம் இதற்குப் பொருத்தம். தெருவிலேயே பின்னால் நடந்து, கடைகளும் பூக்காரர்களும் கீழே வரும்படி எடுக்கலாம். சாய்க்காமல் எடுக்க நினைப்பவர்கள் திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு ஏறிவிடுங்கள். அங்கே உயரப் பிரச்சினையே இல்லை, 200 எம்எம் அல்லது அதற்கு மேல் இருந்தால் வடக்கே காவிரிக்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவிலிருந்து கோபுரம் நிமிர்ந்து எழும். மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலையாகப் பார்த்துப் போங்கள், மற்ற நாட்களில் அவ்வளவு தூரத்துக்குக் காற்று தெளிவாக இருக்காது.